பூஜ்யத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து

அத்தியாயம் 11

“என் பேரு ரோமான் நொகாய். வயசு பத்தொன்பது. இப்ப ஆன்சான்ல, எங்க அக்கா வேலை செய்யுற ரொட்டிக் கடையில, மாவு மூட்டை மேல உக்காந்திருக்கேன்.”

கடைசி வாக்கியத்தை ரோமான் அழித்தான். கல்லூரிக்கு எழுதும் முறையீட்டில் மாவு மூட்டைக்கு என்ன வேலை? போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து மறுபடி ஆரம்பித்தான். அவன் பேசப் பேசப் போன் எழுதிக்கொண்டது. தாஷ்கண்டிலிருந்து பதினான்கு வயதில் கொரியாவுக்கு வந்தவன் அவன். கொரிய மொழி நாக்குக்குப் பழகிவிட்டது, விரலுக்கு இன்னும் பழகவில்லை. கையால் எழுதினால் வரிக்கு மூன்று பிழை வரும். வாயால் சொன்னால் ஒரு பிழைகூட வராது.

மணி ஒன்பதரை. கல்லூரி கொடுத்திருந்த கெடு பிற்பகல் இரண்டு.

போன வெள்ளிக்கிழமை ‘தேர்வாகவில்லை’ என்று வந்த அந்த ஒற்றை வரியிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பல் தொழில்நுட்பப் பிரிவில் இருபத்தைந்தே இடங்கள். பல் கட்டும் வேலை, மெழுகில் செதுக்கி, பீங்கானில் வார்த்து, மனித வாய்க்குள் பொருந்துகிற மாதிரி செய்கிற வேலை. ரோமானுக்கு வேறு எதுவும் வேண்டாம். வேறு கல்லூரிக்கு அவன் விண்ணப்பிக்கவும் இல்லை. இது தவறினால் ஜனவரி இரண்டாம் தேதி அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையில், அம்மாவின் வரிசையிலேயே, அவனுக்கு ஓர் இடம் தயாராக இருக்கிறது. மேற்பார்வையாளர் அவன் பெயரைக்கூட எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தவறு எங்கே என்று கண்டுபிடித்தது வகுப்பாசிரியை பேக். பள்ளியின் முதல் வருடம், இரண்டாம் பருவம், கணக்கு இடைத்தேர்வு. மதிப்பெண் பூஜ்யம். பையன் அன்று பள்ளிக்கே வரவில்லை. காரணமில்லாமல் வராதவனுக்குப் பூஜ்யம்தான். ஆனால் பழைய வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் அப்போதைய ஆசிரியர் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தார்: ‘குடியேற்ற அலுவலகம் போனானாம். சீட்டு பிறகு தருவான்.’ சீட்டு வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக் குழு கூடியது. அந்தப் பருவத்தின் இறுதித் தேர்வில் அவன் வாங்கியிருந்ததை வைத்துக் கணக்கிட்டு, பூஜ்யம் இருந்த இடத்தில் எழுபத்திநாலு போட்டார்கள். அந்த எழுபத்திநாலு முதலிலேயே இருந்திருந்தால் அவன் காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது ஆள். இந்த வருடம் ஒன்பதாவது ஆள் வரைக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

பள்ளியின் கடிதம் கையில் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்குப் பென்சில் கிறுக்கல் போதவில்லை. அன்றைய தேதி போட்ட அலுவலகச் சீட்டு, அசல், வேண்டும் என்றார்கள். அம்மாவோ அது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது என்று மூன்று நாளாகச் சொல்கிறாள்.

ரோமான் போனில் தொடர்ந்தான். “சீட்டை ஆசிரியர் கிட்ட குடுக்க நான் மறந்துட்டேன். தப்பு என்னோடது.”

“மறந்துட்டியா?” என்றாள் ஜான்னா.

அக்கா தந்தூர் அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு மாவை அறைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. அவள் நிமிர்ந்தபோது புருவத்தில் மாவு.

“வேற என்ன எழுதறது?”

“மார்க்கு சரியான்னு பாத்துக் கையெழுத்துப் போடுன்னு தாள நீட்டுனாங்கல்ல, அப்ப பூஜ்யத்தப் பாத்தியா இல்லியா?”

பார்த்தான். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் பட்டியல் வரும், ஒவ்வொருவரும் தன் வரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். வராதவனுக்குப் பூஜ்யம் என்பது அவனுக்கு நியாயமாகவே பட்டது. பூஜ்யத்துக்கு நேராக, கோணல் மாணலாக இருந்தாலும் தெளிவாக, தன் பெயரை எழுதினான்.

“உன் கையப் புடிச்சா போட வெச்சாங்க? நல்லா கோழி கிறுக்குன மாதிரி போட்டுட்டு இப்ப மூட்டை மேல உக்காந்து அழு” என்றாள் ஜான்னா. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா அதத் தூக்கிப் போடல. அவ எதத் தூக்கிப் போட்டிருக்கா? அவ கறுப்புப் பை இருக்குல்ல, அதோட அடித்துணிக்குள்ள வெச்சுத் தெச்சிருக்கா. எல்லாச் சீட்டும் அதுக்குள்ளதான். நான் சொன்னேன்னு சொல்லாத.”

ரோமான் எழுந்தான். அவள் ஒரு சூடான ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவன் சட்டைக்குள் திணித்தாள். குளிருக்குத்தான், சாப்பிட இல்லை என்றாள்.

*

தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை. பதினொன்றரையிலிருந்து ரோமான் வாசலில் நின்றான். பனி பொடியாக விழுந்துகொண்டிருந்தது. காவலர் இரண்டு முறை வெளியே வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார். மூன்றாவது முறை கேட்காமல் கையைச் சூடாக்கும் சின்னப் பை ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு எட்டுக்கு அம்மா லரீசா வந்தாள். வெள்ளை உடுப்பு, தலையில் வலை, மேலே கணவனின் பழைய கோட்டு. கணவன் தாஷ்கண்டிலேயே இன்னொரு வீட்டில் இருக்கிறான், கோட்டு மட்டும் கூட வந்தது. தோளில் கறுப்புப் பை. மகனைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

“ஜான்னா சொன்னாளா?”

“அவளுக்கு அடுப்பு வாயும் ஒண்ணுதான், அவ வாயும் ஒண்ணுதான். மூடவே தெரியாது.”

விசாக் காகிதம் எதையும் பள்ளிக்கூடத்தில் காட்டாதே என்று அன்றைக்குச் சொன்னவள் அவள்தான். கேட்க உரிமை உள்ளவர்கள் கேட்டால் மட்டும் காட்டு, டீச்சர் போலீஸா என்றாள். புதிதாக வந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். ரோமான் அதைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டான். ஆசிரியர் இரண்டு முறை கேட்டார். பிறகு தருகிறேன் என்று இரண்டு முறையும் சொன்னான்.

இப்போது லரீசா பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். குடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது என்றாள். அந்தச் சீட்டில் இருப்பது இதே ஊரில் இருக்கும் சொந்தக்காரி ல்யூபா ஆன்ட்டி வீட்டு முகவரி. அப்போது அவர்கள் இருந்த ஒற்றை அறையின் சொந்தக்காரர், தன் முகவரியில் யாரையும் பதியக்கூடாது என்று சொல்லித்தான் அறையையே கொடுத்தார். பள்ளியில் ஒரு முகவரி, அரசாங்கத்தில் இன்னொரு முகவரி. அந்தச் சீட்டையும் பள்ளிக் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவனுக்கும் அது கண்ணில் படும். அடுத்து அவன் எங்கே போன் செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

ரோமானுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக அம்மா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று நினைத்திருந்தான். அவள் பயந்திருக்கிறாள்.

“அப்ப வேணாம்மா. நான் ஜனவரில இங்க வந்துடறேன். உன் பக்கத்துலயே நிக்கறேன்.”

அவன் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னான். அதுதான் அவளைத் தைத்தது.

லரீசா கையால் வாயை மூடினாள். சிரிக்கும்போதும் அப்படித்தான் மூடுவாள், முன்வரிசையில் இரண்டு பல் இல்லை. இப்போது அவள் சிரிக்கவில்லை. பிறகு காவலரின் கூண்டுக்குப் போய், அட்டைப்பெட்டி அறுக்கும் கத்தியைக் கேட்டு வாங்கி, பையைத் திருப்பிப் போட்டு, அடித்துணியின் தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். காவலர் வேறு பக்கம் பார்த்தார்.

சீட்டு நான்காக மடிந்து, மஞ்சள் பாய்ந்திருந்தது. தேதி முத்திரை மட்டும் நேற்று குத்தினாற்போல் நீலமாக இருந்தது.

கையை விட்டுப் போகும் எந்தக் காகிதத்தையும் படம் எடுக்காமல் அவள் கொடுக்க மாட்டாள். தன் போனை எடுத்து, உள்ளே யாரும் படம் எடுக்காமல் இருக்கக் காமிராவின் மேல் ஒட்டியிருந்த தொழிற்சாலை ஸ்டிக்கரை உரித்தாள். நீயே எடு என்று மகனிடம் நீட்டினாள். ரோமான் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுத்தான். போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். காவலர் புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

“மறந்துட்டேன்னு எழுதியிருக்கியா?” என்று கேட்டாள் லரீசா.

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

“அத அழி. அம்மா குடுக்கக் கூடாதுன்னு சொன்னா, அதனால குடுக்கலன்னு எழுது. அதான உண்மை. எம் பேரையும் போடு. முழுப் பேரு.”

பிறகு அவள் உள்ளே போனாள். உடுப்பு மாற்றும் அறையில், இருபத்தெட்டாம் எண் இரும்பு அலமாரியில், வெட்டுப்பட்ட பையும் போனும் போய்ச் சேர்ந்தன. வேலை முடியும் ஏழு மணி வரை அந்தக் கதவு திறக்காது.

*

பஸ்ஸில் நின்றுகொண்டே ரோமான் முறையீட்டை முதலிலிருந்து பேசினான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “எங்கம்மா லரீசா நொகாய் குடுக்காதன்னு சொன்னாங்க, நான் குடுக்கல” என்ற இடத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரிப் படியேறும்போது மணி ஒன்று நாற்பத்தேழு. கீழே இருந்த கடையில் அச்செடுத்துக் கொண்டு ஓடினான். சேர்க்கை அலுவலகத்தில் மேங் என்ற நடுத்தர வயதுக்காரர் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதங்களைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார். பள்ளிக் கடிதம். சீட்டு. திரும்பவும் பள்ளிக் கடிதம். அவருடைய கட்டைவிரல் சீட்டின் முகவரி வரியில் வந்து நின்றது.

“இந்த முகவரியிலயா இருந்தீங்க?”

ரோமானின் காதுக்குள் அம்மாவின் பை கிழிகிற சத்தம் கேட்டது.

“இல்ல சார்.”

மேங் அவனைப் பார்த்தார். சட்டைக்குள் ரொட்டி புடைத்துக்கொண்டு நின்ற இடத்தையும் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்து, முகவரி வரியின் மேல் நிதானமாக ஒட்டி, அப்படியே நகல் எடுத்தார். அசலை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“சேர்க்கைக் குழு கேட்டது தேதி. தேதி தெரியுது. நீ வெளிய உக்காரு தம்பி, ஏதாவது கேட்டாங்கன்னா கூப்புடறேன்.”

மூன்று மணிக்குக் குழு கூடியது. ரோமான் வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே கண்ணாடி அலமாரியில் மாணவர்கள் செய்த பற்கள் அடுக்கியிருந்தன. மேல் வரிசை, கீழ் வரிசை, ஒரு தனிக் கடைவாய்ப்பல். முன்வரிசையில் இரண்டு பல் எப்படிச் செய்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ரொட்டி ஆறிப்போயிருந்தது. அதைச் சாப்பிடவும் தோன்றவில்லை, தூர வைக்கவும் தோன்றவில்லை.

நான்கு பத்துக்குக் கதவு திறந்தது. மேங் வெளியே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஏத்துக்கிட்டாங்க என்றார்.

ரோமான் சட்டைக்குள் இருந்த ரொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மேங் தொடர்ந்து பேசினார், அவனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இன்னொரு பையன் காலையில் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டான், ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு இனி முதல் ஆள் ரோமான். நாலரைக்கு மேல் அழைப்பு வரும். எல்லாருக்கும் போல மூன்று முறை. எடுத்தவர் யாராக இருந்தாலும் மாணவனின் பிறந்த தேதியைச் சொல்லி, சேருகிறோம் என்று சொன்னால் போதும், பதிவாகிவிடும். மூன்று முறையும் எடுக்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அடுத்த ஆளுக்குப் போய்விடும். எல்லாம் ஆறு மணிக்குள்.

“போன கையில வெச்சுக்க” என்றார். “கடைசி நம்பர் நாலு நாலு ஒண்ணு ஏழுதான?”

நாலு நாலு ஒன்று ஏழு அம்மாவின் எண்.

செப்டம்பரில் விண்ணப்பம் போட்டபோது ரோமானின் போன் உடைந்து கிடந்தது. முதல் எண்ணாக அம்மாவுடையதைப் போட்டான். இரண்டாவதாக அக்காவுடையது. அவன் இப்போது அதைச் சொன்னான். சொல்லச் சொல்ல மேங்கின் முகம் மாறியது. எண் மாற்றுவது நேற்று ஐந்து மணியோடு முடிந்துவிட்டது. கூப்பிடுகிறவர்கள் வேறு கட்டடத்தில், பூட்டிய அறையில். பதிவாகியிருக்கிற எண்ணைத்தான் அழைப்பார்கள், குரலும் பதிவாகும், நேரில் வந்து நிற்பதெல்லாம் கணக்கில் வராது. போன வருடம் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்ததில் பெரிய வழக்காகிவிட்டது. மேங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது என் கையில இல்ல தம்பி. முதல்ல அம்மா நம்பர், அடுத்து அக்கா நம்பர், மூணாவது மறுபடியும் அம்மா நம்பர். ஓடு.”

*

நான்கு இருபத்தொன்பதுக்குத்தான் தொழிற்பேட்டைக்குப் போகிற பஸ் கிடைத்தது. நல்ல நாளில் ஐம்பது நிமிடம். இன்று பாலத்தின் மேல் பனி.

ஏறியதும் ஜான்னாவை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலரை மணி என்றால் சாயங்கால ரொட்டி, அவள் அடுப்புக்குள் இருப்பாள். மறுபடி அழைத்தான். மறுபடியும். குளிரில் போனின் சார்ஜ் பதினொன்றிலிருந்து ஆறுக்கு இறங்கியது. வீட்டாரின் அரட்டைக் குழுவில் பேசிப் போட்டான்: சேத்துக்கிட்டாங்க, ஆனா போன எடுக்கணும், அக்கா உடனே பாரு. தாஷ்கண்டிலிருந்து கேனா மாமா ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அதற்குக் கீழே ஒரு கேக் படம்.

தொழிற்சாலை வாசல் காவலரின் போன் எண் அவனிடம் இல்லை. தேடி எடுத்த பொது எண்ணில் ஓர் இயந்திரக்குரல், கப்பல் சரக்குக்கு ஒன்று, கொள்முதலுக்கு இரண்டு என்று நிதானமாக ஒப்பித்தது.

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஜான்னாவின் குரல் குழுவில் வந்தது. மூச்சு வாங்கியது, பின்னால் கடையில் யாரோ இரண்டு ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“டேய் ரோமா, எந்த நாசமாப் போனவனுக்குடா என் நம்பரக் குடுத்த? தெரியாத நம்பர்லேருந்து வந்துச்சு, கொஞ்ச நேரம் அடிக்க விட்டேன், அப்பறம் கட் பண்ணிட்டேன். இன்சூரன்ஸ்காரனா இருப்பான். சேத்துக்கிட்டாங்களா? நிஜமாவாடா?”

தெரியாத எண்ணை எடுக்காதே. அதுவும் அம்மா சொன்னதுதான்.

ரோமான் விரல்விட்டு எண்ணினான். அக்காவுக்கு வந்தது இரண்டாவது அழைப்பு. அப்படியென்றால் முதல் அழைப்பு இருபத்தெட்டாம் எண் அலமாரியின் இருட்டுக்குள், வெட்டுப்பட்ட பைக்குப் பக்கத்தில், யாருக்கும் கேட்காமல் அடித்து ஓய்ந்துவிட்டது. மிச்சம் ஒன்று. அதுவும் அதே அலமாரிக்குள்தான் அடிக்கப்போகிறது.

பஸ் பாலத்தின் நடுவில் நின்றது. முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன, எதுவும் நகரவில்லை. ஓட்டுநரிடம் போய் இறக்கிவிடச் சொன்னான். பாலத்தின் மேல் இறக்க முடியாது என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சார்ஜ் இரண்டு. ரோமான் கண்ணாடிப் பக்கம் திரும்பி, போனை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, வீட்டுக் குழுவுக்குப் பேசினான். இந்த முறை எதையும் அழிக்கவில்லை.

“நான் ரோமான். பாலத்து மேல மாட்டிக்கிட்டேன், என் போன் போகப்போகுது. அக்கா, ல்யூபா ஆன்ட்டி, யார் இதப் படிச்சாலும் சரி. ஆலை வாசலுக்குப் போங்க, இல்ல அங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க. மூணாவது வரிசை, லரீசா நொகாய். காவல்காரர் நல்லவர், சொன்னாக் கேப்பாரு. இருபத்தெட்டாம் நம்பர் அலமாரியத் தெறக்கச் சொல்லுங்க. போன் அடிச்சா எடுங்க, தெரியாத நம்பரா இருந்தாலும் எடுங்க. என் பொறந்த தேதி ரெண்டாயிரத்து ஆறு மார்ச் பதினொண்ணுன்னு சொல்லுங்க. அப்பறம், அவன் சேருறான்னு சொல்லுங்க.”